திருகினால் உட்காரும்... படம் வருமா? பழைய வைடு ஆங்கிள் லென்ஸ் வாங்கும் முன் பார்க்க வேண்டிய ஓர் எண்!

மேஜைமேல் இரண்டு லென்ஸ்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சோவியத் யூனியனில் தயாரானவை. ஒன்றின் பெயர் ஜூபிடர்-12, 35 மி.மீ. இன்னொன்று மிர்-1, 37 மி.மீ. இரண்டின் அதிகபட்சத் திறப்பும் எஃப்/2.8. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் இரண்டிலும் அதே 39 மி.மீ. விட்டமுள்ள திருகு மரை. கேமராவில் வைத்துத் திருகினால் இரண்டும் ஒரே மாதிரி ஏறும்.

இப்போது ஜூபிடர்-12 லென்ஸை 39 மி.மீ. திருகு கொண்ட பழைய ஜெனித் எஸ்.எல்.ஆர் கேமராவில் மாட்டுகிறார் ஒருவர். ஷட்டரை அழுத்துகிறார். 'டக்'. கேமராவுக்குள் மேலெழும் கண்ணாடி லென்ஸின் பின்பகுதியில் போய் மோதுகிறது. கண்ணாடியில் விரிசல், லென்ஸில் கீறல். ஒரே அழுத்தத்தில் இரண்டு நஷ்டம்.

மிர்-1 லென்ஸை ஜோர்க்கி என்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் மாட்டினால் சத்தமே வராது. வியூஃபைண்டரில் எல்லாம் பளிச்சென்று தெரியும். சந்தோஷமாக 36 படங்கள் எடுத்து, ரோலைக் கழுவக் கொடுத்து, வாங்கிப் பார்த்தால்... 36-ம் மங்கல்!

திருகு ஒன்று, நாடு ஒன்று, அளவும் கிட்டத்தட்ட ஒன்று. பிறகு எங்கே தப்பு? ஃபிலிம் கேமரா மறுபடியும் இளைஞர்கள் கைக்கு வந்திருக்கும் இந்த நேரத்தில், ஆன்லைனில் பழைய லென்ஸும் அடாப்டர் வளையமும் தேடுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. தாத்தாவின் அலமாரியில் லென்ஸ் கண்டெடுத்தவர்களுக்கும்தான்!

அந்த ஓர் எண்

லென்ஸ் போய் உட்காரும் உலோக வளையம் கேமராவின் முகப்பில் இருக்கிறது. அந்த வளையத்திலிருந்து உள்ளே ஃபிலிம் படியும் இடம் வரை உள்ள தூரத்தை 'ஃபிளாஞ்ச் தூரம்' என்கிறார்கள். ஒவ்வொரு கேமரா வகைக்கும் இது ஒரு நிரந்தர எண். லென்ஸைச் செய்தவர் அந்த எண்ணை மனதில் வைத்துத்தான் செய்திருப்பார்.

ஃபிலிம் காலத்தின் முக்கியமான வகைகளுக்கு அந்த எண் இதுதான்:

• லைக்கா எம் - 27.8 மி.மீ.
• லைக்கா திருகு (எம்39) - 28.8 மி.மீ.
• கேனான் எஃப்.டி - 42 மி.மீ.
• மினோல்டா எம்.டி - 43.5 மி.மீ.
• கேனான் இ.ஓ.எஸ் - 44 மி.மீ.
• ஜெனித் எம்39 - 45.2 மி.மீ.
• எம்42 திருகு, பென்டாக்ஸ் கே - 45.46 மி.மீ.
• ஒலிம்பஸ் ஓ.எம் - 46 மி.மீ.
• நிக்கான் எஃப் - 46.5 மி.மீ.

இப்போது முதல் கதைக்கு வருவோம். ஜோர்க்கி கேமரா லைக்கா திருகு வகையைச் சேர்ந்தது, 28.8 மி.மீ. ஜெனித் 45.2 மி.மீ. நடுவில் 16.4 மி.மீ. வித்தியாசம். திருகின் விட்டம் மட்டும் ஒன்றாக இருந்து என்ன பயன்? மிர்-1 ஃபிலிமுக்கு மிக அருகில் போய் உட்கார்ந்துவிடுகிறது. எதன் மீதும் ஃபோகஸ் விழாது.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உள்ள தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். அதனால்தான் தப்பு நடப்பது ரோலைக் கழுவும்வரை தெரியவே தெரியாது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்?

எல்லாவற்றுக்கும் காரணம் எஸ்.எல்.ஆர் கேமராவுக்குள் சாய்வாக நிற்கும் கண்ணாடிதான். லென்ஸ் வழியே வரும் காட்சியை மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டுவது அது. ஷட்டரை அழுத்தும்போது சட்டென்று மேலே எழுந்து வழிவிடும். அது எழுவதற்கு இடம் வேண்டும். எனவே எஸ்.எல்.ஆரில் லென்ஸ் தள்ளித்தான் உட்கார வேண்டும்.

ரேஞ்ச்ஃபைண்டரில் கண்ணாடி இல்லை. லென்ஸின் பின்பகுதி ஃபிலிமைத் தொடாத குறையாக உள்ளே போகலாம்.

சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்கு இது பெரிய பிரச்னை இல்லை. வைடு ஆங்கிள் லென்ஸுக்குத்தான் தலைவலி. பரந்த காட்சியைப் பிடிக்க வேண்டுமென்றால் ஃபோகல் தூரம் குறைய வேண்டும். 20 மி.மீ. லென்ஸ் என்றால், எளிய வடிவமைப்பில் அது ஃபிலிமுக்கு ஏறத்தாழ 20 மி.மீ. பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆனால் அந்த இடத்தில் எஸ்.எல்.ஆரின் கண்ணாடி நிற்கிறது!

இதற்கு விடை கண்டவர்களில் முன்னோடி, பிரான்ஸைச் சேர்ந்த பியர் ஆஞ்ஜெனியூ. 1950-ல் அவரது நிறுவனம் 35 மி.மீ. எஃப்/2.5 லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'ரெட்ரோஃபோகஸ்'. முன்னால் ஒரு பெரிய குழிவான கண்ணாடியை வைத்து ஒளியை முதலில் விரித்து, பிறகு குவிப்பதுதான் உத்தி. அப்படிச் செய்தால் லென்ஸ் தள்ளி உட்கார்ந்தாலும் பரந்த காட்சி ஃபிலிமில் விழும். அந்த ஒரு லென்ஸின் பெயரே பின்னாளில் இந்த வகை முழுவதற்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் ஜெனா நிறுவனத்தின் ஃபிளெக்டோகன், நாம் பார்த்த சோவியத் மிர்-1 எல்லாமே இந்த வழியில் வந்தவைதான்.

கையில் எடுத்துப் பார்த்தாலே இரண்டு வகையையும் ஓரளவு அடையாளம் காணலாம். மிர்-1 லென்ஸின் முன்கண்ணாடி பெரியது, பின்பக்கம் அடக்கமாக இருக்கும். ஜூபிடர்-12 அப்படியே தலைகீழ். முன்கண்ணாடி சின்னதாக உள்ளே ஒடுங்கியிருக்கும். பின்கண்ணாடியோ பெரிதாகப் புடைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கம் நீண்ட லென்ஸைக் கண்டால் எஸ்.எல்.ஆர் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

சொந்த வீட்டிலேயே இடமில்லை

ஜூபிடர்-12 லென்ஸின் பூர்வீகம் ஜெர்மனி. 1930-களில் லுட்விக் பெர்டலே என்ற வடிவமைப்பாளர் ஜெய்ஸ் நிறுவனத்தின் கான்டாக்ஸ் ரேஞ்ச்ஃபைண்டருக்காக உருவாக்கிய 35 மி.மீ. பயோகன் லென்ஸ்தான் அதன் மூலம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், கான்டாக்ஸ் தயாரிப்புக்கான இயந்திரங்களையும் தொழில்நுட்பத்தையும் சோவியத் யூனியன் எடுத்துச் சென்றது. கான்டாக்ஸ் கேமரா உக்ரைனில் 'கீவ்' என்ற பெயரில் தொடர்ந்தது. பயோகன், ஜூபிடர்-12 ஆனது.

மேற்கு ஜெர்மனியில் ஜெய்ஸ் மீண்டும் எழுந்து 1950-ல் கான்டாக்ஸ் 2ஏ என்ற புதிய கேமராவை வெளியிட்டது. அதே மவுன்ட்தான். ஆனால் உட்புறத்தைச் சற்றே சுருக்கிவிட்டார்கள். விளைவு? போருக்கு முன் அதே நிறுவனம் செய்த 35 மி.மீ. பயோகன், புதிய கான்டாக்ஸில் நுழையவில்லை. நீட்டிக்கொண்டிருந்த பின்கண்ணாடி உள்ளே இடித்தது. புதிய கேமராவுக்காக இன்னொரு பயோகனையே வடிவமைக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கதை இன்று பழைய லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு நேரடியாக உதவும். கான்டாக்ஸ் மவுன்ட் கொண்ட ஜூபிடர்-12 கீவ் கேமராவில் அழகாக உட்காரும். கான்டாக்ஸ் 2ஏ, 3ஏ இரண்டிலும் உட்காராது. மவுன்ட் ஒன்றுதான் என்று விற்பவர் சொன்னாலும் அது பாதி உண்மை.

லைக்காவிலும் இப்படி ஒரு பொறி உண்டு. 1971-ல் வந்த எம்5, 1973-ல் வந்த சி.எல் ஆகிய கேமராக்களில் ஒளியை அளக்கும் மீட்டர் ஒரு சின்னக் கையின் நுனியில், லென்ஸுக்குப் பின்னால் வந்து நிற்கும். பின்பக்கம் நீண்ட வைடு லென்ஸ்களை அவற்றில் மாட்டினால் அந்தக் கை இடிபடும் ஆபத்து இருக்கிறது.

எந்த லென்ஸ், எந்த கேமராவுக்கு?

விதி ஒன்றுதான். லென்ஸின் எண் பெரிதாகவும் கேமராவின் எண் சிறிதாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் நடுவில் ஒரு வளையம் நுழைய இடம் கிடைக்கும்.

நிக்கான் எஃப் லென்ஸை கேனான் இ.ஓ.எஸ் ஃபிலிம் கேமராவில் மாட்டலாமா? 46.5-லிருந்து 44-ஐக் கழித்தால் 2.5 மி.மீ. அந்தத் தடிமனில் வளையம் இருந்தால் போதும். ஒலிம்பஸ் ஓ.எம் லென்ஸுக்கு 2 மி.மீ. எம்42 லென்ஸுக்கு 1.46 மி.மீ. மூன்றும் சாத்தியம். பழைய எஸ்.எல்.ஆர் லென்ஸ்கள் பலவற்றுக்கு ஒரே கேமரா வேண்டும் என்பவர்கள் இ.ஓ.எஸ் ஃபிலிம் கேமராவைத் தேடுவது இதனால்தான்.

எம்42 லென்ஸை பென்டாக்ஸ் கே கேமராவில் மாட்டுவது இன்னும் சுலபம். இரண்டுக்கும் எண் ஒன்றே, 45.46. 1975-ல் கே மவுன்டைக் கொண்டுவந்தபோது, பழைய திருகு லென்ஸ் வைத்திருந்த வாடிக்கையாளர்களைக் கைவிடக் கூடாது என்று பென்டாக்ஸ் அந்தத் தூரத்தை மாற்றவில்லை. மெல்லிய வளையம் ஒன்று மவுன்டுக்குள்ளேயே அமிழ்ந்துவிடும்.

லைக்காவும் அப்படித்தான். 1954-ல் எம்3 வந்தபோது எண்ணை 28.8-லிருந்து 27.8-ஆகச் சரியாக 1 மி.மீ. குறைத்தார்கள். அந்த 1 மி.மீ. வளையத்தைப் போட்டால் பழைய திருகு லென்ஸ்கள் புதிய கேமராவில் முழுமையாக வேலை செய்யும்.

எதிர் உதாரணம் கேனான். 1987-ல் இ.ஓ.எஸ் வந்தபோது எண் 42-லிருந்து 44-க்கு ஏறியது. அதுவரை கேனானை நம்பி எஃப்.டி லென்ஸ் வாங்கிச் சேர்த்தவர்கள், அவற்றை வெறும் வளையத்தோடு அதே கேனானின் புதிய கேமராவில் முழுமையாகப் பயன்படுத்த முடியாமல் போனது.

2 மி.மீ. என்ன செய்யும்?

எண் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை என்று மாட்டினால் என்ன ஆகும்? எம்42 லென்ஸை நிக்கானில் மாட்டுவதை எடுத்துக்கொள்வோம். நிக்கானின் எண் பெரிது. எனவே வளையத்தின் தடிமனையும் சேர்த்து லென்ஸ் சுமார் 2 மி.மீ. முன்னால் தள்ளி உட்காரும் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துப் பொருள்கள் ஃபோகஸ் ஆகாது. எவ்வளவு தூரம் வரை ஆகும் என்பது லென்ஸைப் பொறுத்தது.

135 மி.மீ. லென்ஸ் என்றால் சுமார் 9 மீட்டர் வரை ஃபோகஸ் ஆகும். ஓர் அறைக்குள் முகம் எடுக்கத் தாராளம். 50 மி.மீ. என்றால் சுமார் 1.3 மீட்டர். 28 மி.மீ. வைடு லென்ஸில் அது சுமார் 40 செ.மீ. 20 மி.மீ. லென்ஸில் 20 செ.மீ. மட்டுமே! கோயில் கோபுரத்தை முழுசாக எடுக்க வாங்கிய லென்ஸ், கைக்கு எட்டும் டீ டம்ளருக்கு அப்பால் எதையும் பார்க்காது.

நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்து இந்தக் குறையைச் சரிசெய்யும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. ஆனால் அந்தக் கண்ணாடி காட்சியைச் சற்றே பெரிதாக்கும், தரத்தையும் குறைக்கும். பரந்த காட்சிக்காக வாங்கிய லென்ஸின் பரப்பையே குறைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

எண் பொருந்தினாலும் வளையம் துல்லியமாக இருக்க வேண்டும். வெறும் 0.1 மி.மீ. தடித்துப்போனால் 20 மி.மீ. லென்ஸ் முழுத் திறப்பில் சுமார் 4 மீட்டருக்கு அப்பால் கூர்மை இழக்கத் தொடங்கும். அதே தவறு 135 மி.மீ. லென்ஸில் 180 மீட்டருக்கு அப்பால்தான் தெரியும். டெலி லென்ஸில் கண்ணில் படாமல் போகும் மலிவு வளையத்தின் குறை, வைடு லென்ஸில் அம்பலமாகிவிடும்.

கழுவக் கொடுக்கும் முன் ஒரு சோதனை

டிஜிட்டல் கேமராவில் தப்பு உடனே திரையில் தெரியும். ஃபிலிமில் அது ரோலின் விலையையும் கழுவும் செலவையும் விழுங்கிய பிறகுதான் தெரியும். அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது.

ஃபிலிம் போடாமல் கேமராவின் பின்கதவைத் திறந்துகொள்ளுங்கள். ஃபிலிம் படிந்து ஓடும் இரண்டு தண்டவாளங்கள் தெரியும். அவற்றின் மேல் மங்கலான மேட் டேப்பையோ டிரேசிங் பேப்பரையோ தொய்வில்லாமல் ஒட்டுங்கள். ஷட்டர் திரைமேல் விரலோ டேப்போ படக் கூடாது. கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஷட்டரை 'பி' நிலையில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் திறப்பு முழுதாகவும், ஃபோகஸ் 'முடிவிலி' குறியிலும் இருக்கட்டும். அரை கிலோமீட்டருக்கு அப்பால் தெரியும் செல்போன் டவரைக் குறிவையுங்கள்.

டேப்பின் மேல் டவர் தலைகீழாகத் தெரியும். பூதக்கண்ணாடியால் பாருங்கள். கம்பிகள் பளிச்சென்று இருந்தால் லென்ஸும் வளையமும் கேமராவும் ஒத்துப்போகின்றன. முடிவிலிக்கு முன்பே கூர்மையாகி, குறியை எட்டும்போது மங்கினால் வளையம் மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். படம் எடுக்கலாம், ஆனால் லென்ஸில் உள்ள மீட்டர் கணக்கை நம்பக் கூடாது. முடிவிலிக் குறி வரை திருப்பியும் கூர்மையே வரவில்லை என்றால் வளையம் தடித்திருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மீட்டர் கணக்கு ஏன் முக்கியம்? வைடு லென்ஸின் பெரிய வசதியே அதுதான். 28 மி.மீ. லென்ஸை எஃப்/8-ல் வைத்து, தூரத்தைச் சுமார் 3.3 மீட்டரில் நிறுத்தினால், 1.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஓரளவு கூர்மையாக வரும். தெருவில் நடந்துகொண்டே ஃபோகஸ் பார்க்காமல் எடுக்கலாம். வளையம் சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும்.

வாங்கும் முன் கவனிக்க...

• 'திருகு லென்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் எந்த கேமராவுக்குச் செய்யப்பட்டது என்று கேளுங்கள். 39 மி.மீ. திருகில் ரேஞ்ச்ஃபைண்டர், எஸ்.எல்.ஆர் இரண்டும் உண்டு.

• 42 மி.மீ. திருகிலும் இரண்டு வகை உண்டு. எம்42 திருகில் மரைகளின் இடைவெளி 1 மி.மீ. டி-மவுன்ட் என்பதில் 0.75 மி.மீ., அதன் தூரமும் 55 மி.மீ. ஒன்றில் மற்றொன்றை அழுத்தித் திருகினால் மரை தேய்ந்துவிடும்.

• நிக்கான் லென்ஸ் நிக்கானுக்குத்தானே என்று அலட்சியம் வேண்டாம். 1977-க்கு முன் வந்த, மாற்றம் செய்யப்படாத லென்ஸ்களின் அப்பர்ச்சர் வளையம், பின்னாளில் வந்த சில நிக்கான் கேமராக்களின் நெம்புகோலை இடித்துச் சேதப்படுத்தும்.

• 1959-ல் வந்த நிக்கோர் 2.1 செ.மீ. எஃப்/4 லென்ஸின் பின்பகுதி மிக நீளம். நிக்கான் எஃப் கேமராவின் கண்ணாடியை மேலே தூக்கிப் பூட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். காட்சியைப் பார்க்கத் தனி ஃபைண்டர் தேவை. அப்படிப் பூட்டி வைக்க முடியாத கேமராவுக்கு இது வேண்டாம்.

• 'ஆட்டோ' வகை எம்42 லென்ஸின் பின்னால் ஒரு சின்ன ஊசி இருக்கும். அடாப்டரில் அதை அழுத்த ஆள் இல்லை என்றால் அப்பர்ச்சர் மூடாது. லென்ஸில் 'எம்' சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஊசியை அழுத்தும் விளிம்புள்ள வளையம் கேளுங்கள்.

• வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. ஈரப்பதம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் இருப்பவர்கள் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது.

இத்தனை சிக்கல் வேண்டாம் என்பவர்களுக்கு டாம்ரான் 'அடாப்டால்' லென்ஸ்கள் இருக்கின்றன. லென்ஸ் ஒன்று, மவுன்ட் மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்று திட்டமிட்டே செய்யப்பட்டவை. 17 மி.மீ. எஃப்/3.5, 24 மி.மீ. எஃப்/2.5 போன்ற வைடு லென்ஸ்களும் அந்த வரிசையில் உண்டு. நாளை வேறு கேமரா வாங்கினாலும் லென்ஸ் கூடவே வரும்.

குப்ரிக் கொடுத்த விலை

லென்ஸுக்காக கேமராவையே அறுத்தவர்களும் உண்டு. 1975-ல் வெளியான 'பேரி லிண்டன்' படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகள் எடுக்க விரும்பினார் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக். நாசாவுக்காக ஜெய்ஸ் உருவாக்கிய 50 மி.மீ. எஃப்/0.7 லென்ஸ் அவருக்குக் கிடைத்தது. அதன் பின்கண்ணாடி ஃபிலிமுக்கு மிக நெருக்கமாக இருந்தாக வேண்டும். எட் டிஜூலியோ என்ற தொழில்நுட்பக் கலைஞர், மிட்செல் பி.என்.சி சினிமா கேமராவின் உட்புறத்தையே மாற்றியமைத்து அதைப் பொருத்தினார். அகலமான காட்சிக்காக முன்னால் கூடுதல் கண்ணாடி சேர்த்து இன்னொரு வைடு வடிவமும் செய்தார்கள். படத்தின் ஒளிப்பதிவுக்கு ஜான் ஆல்காட் ஆஸ்கர் வாங்கினார். ஆனால் அந்த கேமராவில் அதன்பின் வழக்கமான லென்ஸ்களை மாட்ட முடியவில்லை.

குப்ரிக்குக்கு அது தெரிந்தே எடுத்த முடிவு. நமக்கோ பெரும்பாலும் தெரியாமல் நடக்கும் விபத்து. பழைய லென்ஸ்கள் இனி புதிதாகத் தயாராகப் போவதில்லை. உடைந்தால் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

மேஜைமேல் இருந்த அந்த இரண்டு லென்ஸ்களுக்கு வருவோம். ஜூபிடர்-12 லென்ஸை ஜோர்க்கியில் மாட்டுங்கள், மிர்-1 லென்ஸை ஜெனித்தில் மாட்டுங்கள். இரண்டும் இன்றைக்கும் பிரமாதமாகப் படம் எடுக்கும். இடம் மாற்றி மாட்டினால்தான் வம்பு. அலமாரியில் இருக்கும் லென்ஸை எடுத்துத் திருகும் முன், அதன் எண்ணையும் கேமராவின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கழித்துப் பாருங்கள். இரண்டு நிமிடக் கணக்குதான்!